வைக்கோல் லாரி அகலத்தில் ஒரு டிராகன்

அறிவாளிகள் கூடிக் கெடுத்த ஊர்கள் உலகத்தில் நிறைய உண்டு. முட்டாள்கள் கூடி, முறைப்படி தீர்மானம் போட்டு, ஒருமனதாகக் கெடுத்த ஊர் எனக்குத் தெரிந்து ஒன்றுதான். அது எங்கள் வேங்கிமலை. பெயர் சொல்லிப் பழி போடுவது என் வழக்கமில்லை. நகர்மன்றத் தலைவர் அம்பலவாணன், துணைத் தலைவர் கோதண்டம், என்ஜினியர் ஞானப்பிரகாசம், மூன்றாம் வார்டு கவுன்சிலர் கனகவல்லி, இந்த நாலு பேரைத் தவிர வேறு யார்மேலும் எனக்கு வருத்தம் கிடையாது.

தைவான் நாட்டுச் செருப்புக் கம்பெனி ஒன்று எங்கள் பக்கம் தொழிற்சாலை கட்ட இடம் தேடியது. இரண்டாயிரம் பேருக்கு வேலை. ஒன்று எங்கள் ஊர், இல்லாவிட்டால் பதினோரு கிலோமீட்டர் தள்ளி ஏரிக்கு அப்பால் இருக்கும் ஓலைப்பாடி. கம்பெனிப் பெரியவர் லின் என்பவர் மூன்று மாதத்தில் நேரில் வந்து பார்த்து முடிவு சொல்வார் என்று கடிதம் வந்தது. திருப்பூரில் பனியன் தைத்துக்கொண்டிருந்த என் மகன் அன்றைக்கே போன் போட்டு, "அப்பா, கம்பெனி நம்ம ஊருக்கு வந்துடும்ல? வந்தா நானும் வந்துடுவேன்" என்றான். "வராம எங்கடா போகும்?" என்றேன். இந்த நாலு பேரையும் ஒரு நிமிஷம் மறந்துவிட்டுச் சொன்ன வார்த்தை அது.

நகர்மன்றம் அவசரமாகக் கூடியது.

"தைவான்காரங்க ஃபெங் சுயி பார்க்காம கல்லு வைக்க மாட்டாங்களாம்" என்று கோதண்டம் ஆரம்பித்தார். "நம்ம வாஸ்து மாதிரி. ஆனா வெளிநாட்டு வாஸ்து."

"நமக்கு ஈசானி மூலை விசேஷம். அவங்களுக்கு எது?" என்றார் தலைவர்.

என்ஜினியர் யோசித்தார். "அவங்க நமக்குக் கிழக்கால இருக்காங்க. அதனால அவங்க ஈசானி மூலை இன்னும் கொஞ்சம் தள்ளி இருக்கும்."

எல்லோரும் அதை எழுதிக்கொண்டார்கள்.

பிறகு ஆள் தேடினார்கள். பினாங்கில் பதினெட்டு வருஷம் ஓட்டல் நடத்திவிட்டுத் திரும்பிய தனராசு என்பவர் கிடைத்தார். எல்லோரும் அவரை மாஸ்டர் என்று கூப்பிட்டார்கள். புதிதாகக் கட்டித் திறப்பு விழா நடத்தி இருபதே நாளான நகராட்சிக் கட்டடத்தின் மொட்டை மாடியில் அவரை ஏற்றி நிறுத்தினார்கள். மேற்கே மலை, கிழக்கே ஏரி, நடுவில் கட்டடம். மாஸ்டர் ஒரு வட்டத் தகட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"மலையில டிராகன் இருக்கு" என்றார். "தினமும் இறங்கி வந்து ஏரியில தண்ணி குடிக்கும். அது நடமாடினாத்தான் ஊருக்குச் செல்வம். உங்க கட்டடம் குறுக்கே நிக்குது. ஹாங்காங்ல பெரிய பெரிய கட்டடத்துக்கு நடுவுலயே ஓட்டை விட்டிருக்கான், டிராகன் போகட்டும்னு. நீங்களும் வழி விடுங்க. அது போற பாதையில மனுஷங்க நடக்கக் கூடாது."

இதைச் சொல்லிவிட்டு மாஸ்டர் இரண்டு இளநீர் குடித்துவிட்டுப் போய்விட்டார். ஓட்டை எவ்வளவு பெரியது என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

"டிராகனுக்கு அகலம் எவ்வளவு, என்ஜினியர் சார்?" என்றார் தலைவர்.

"கவர்மென்ட் புத்தகத்துல மாட்டுக்கு அளவு இருக்கு, ரோடு ரோலருக்கு இருக்கு. டிராகனுக்கு இல்லீங்க."

"லாரி போற அளவு விடுங்க" என்றார் கோதண்டம்.

"லாரிக்கு இறக்கை இல்லையே அண்ணே" என்றார் கனகவல்லி.

"அப்போ வைக்கோல் ஏத்தின லாரி. ரெண்டு பக்கமும் பிதுங்கிக்கிட்டு இருக்கும்ல, அந்த இடத்துல இறக்கை."

இதைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது என்று மேசையைத் தட்டினார்கள். ஒரு வைக்கோல் லாரியை வரவழைத்துக் கட்டடத்தின் முன் நிறுத்தி, சுவரில் அதன் உருவத்தைச் சுண்ணாம்பால் வரைந்து, கோடு தப்பாமல் இடித்தார்கள். முன்பக்கம் வழியாகப் பின்பக்க ஏரி தெரிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அப்போது மூன்றாம் மாடியிலிருந்து ஒரு சத்தம். "சார், நாங்க எப்படி இறங்குறது?" ஓட்டை விழுந்த இடத்தில்தான் மாடிப்படி இருந்தது. பிறப்புச் சான்றிதழ்ப் பிரிவு குமாஸ்தாக்கள் மூன்று பேரை ஏணி வைத்து இறக்கினார்கள். மறுநாள் அதே ஏணியில் ஏற்றினார்கள். ஃபைல்கள் கயிற்றில் கட்டிய கூடையில் போய் வந்தன.

அடுத்தது பாதை. பைபாஸிலிருந்து கட்டடம் வரை வரும் எங்கள் மெயின் ரோடுதான் டிராகன் பாதை என்று முடிவானது. அதன் ஓரத்தில் இருபத்தாறு வருஷமாக என் பூட்டு சாவிக் கடை இருந்தது. டிராகனின் இடது இறக்கை கடையின் தகரத்தில் இடிக்கும் என்று சொல்லிக் கடையை எடுத்துவிட்டார்கள். எனக்கு அதில் கோபம் ஒன்றுமில்லை. பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது, எல்லாம் மறந்துவிட்டது. மார்ச் பதினொன்று, செவ்வாய்க்கிழமை, காலை பத்தே கால் மணி. கோதண்டம் பச்சைக் கட்டம் போட்ட சட்டை போட்டிருந்தார்.

ரோட்டின் முனையில் ஒரு பலகை வைத்தார்கள். "டிராகன் பாதை. மனிதர்கள் நடக்கக் கூடாது." ஊருக்குள் வருகிறவர்கள் நாலு கிலோமீட்டர் சுற்றிச் சுடுகாட்டு வழியாக வந்தார்கள்.

எல்லாம் முடிந்ததும் என்ஜினியர் பேனாவை மூடி வைத்துவிட்டார். நகராட்சி வேலை எதுவானாலும் முடிந்ததும் ஒரு சான்றிதழில் அவர் கையெழுத்துப் போட வேண்டும். "மேற்படி பணி பயன்பாட்டில் உள்ளது" என்று அதில் ஒரு வரி இருக்கும்.

"பயன்பாட்டைக் கண்ணால பார்க்காம நான் போட மாட்டேன்" என்றார். "கழிப்பறையா இருந்தாலும் ஆளை உள்ளே அனுப்பிப் பார்த்துட்டுத்தான் போடுவேன்."

"டிராகன் கண்ணுக்குத் தெரியாதுய்யா" என்றார் தலைவர்.

"கண்ணுக்குத் தெரியாட்டி என்ன, காலுன்னு ஒண்ணு இருக்கும்ல?"

கனகவல்லிதான் வழி சொன்னார். சாயங்காலம் இரண்டு மூட்டை அரிசி மாவை ஓட்டையின் தரையில் சமமாகப் பரப்பினார்கள். காலையில் வந்து பார்த்தால், மாவின் நடுவே இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை தடம். சின்னச் சின்னதாக, நடுவில் பிளந்த குளம்புத் தடம். அங்கங்கே மாவை நக்கியும் இருந்தது.

தலைவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். கோதண்டம் அழுதுவிட்டார். என்ஜினியர் டேப்பை எடுத்து அளந்தார்.

"ஆட்டுக்கால் சைஸ் இருக்கு" என்றார்.

"என் ஆடுகூட ராத்திரி அவுத்துக்கிட்டு இந்தப் பக்கம்தான் வந்திருக்கு" என்றார் கனகவல்லி. "பாவம், டிராகனை நேருக்கு நேர் பார்த்திருக்கும் போல. வீட்டுக்கு வரும்போது முகமெல்லாம் வெள்ளையா வெளிறிப் போயிருந்துச்சு. தொட்டா கையில ஒட்டுது."

"பயம்" என்றார் கோதண்டம். "என் மாமனாருக்கும் ஒரு தடவை அப்படி ஆச்சு."

என்ஜினியர் கையெழுத்துப் போட்டார். ஆனால் தலைவர் முகம் வாடிவிட்டது. "ஆட்டு சைஸ் டிராகனுக்கு வைக்கோல் லாரி சைஸ் ஓட்டையா? சின்னப் புள்ளைக்கு அப்பன் சட்டையை மாட்டின மாதிரி இருக்கே. அது என்ன நினைக்கும் நம்மளைப் பத்தி?"

மறுபடி தீர்மானம். மூன்றடி உயரம், இரண்டடி அகலம் விட்டுவிட்டு மீதி ஓட்டையைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். சிமென்ட் காய்ந்த பிறகுதான் தெரிந்தது, கட்டடத்தின் வாசலும் அதே இடத்தில்தான் இருந்தது என்று. இனி உள்ளே போக அந்த ஆட்டு வழி ஒன்றுதான்.

"அது டிராகன் பாதையாச்சே. மனுஷங்க நடக்கக் கூடாதுன்னு மாஸ்டர் சொன்னாரே" என்றார் கனகவல்லி.

அரை நாள் விவாதித்தார்கள்.

"நடக்கத்தானே கூடாது?" என்றார் கோதண்டம். "தவழ்ந்தா?"

அன்றிலிருந்து தலைவர் தினமும் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாலு காலில் அலுவலகத்துக்குள் போனார். பின்னால் துணைத் தலைவர். அவருக்குப் பின்னால் ஃபைலை வாயில் கவ்விக்கொண்டு என்ஜினியர். ஊரில் எனக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம் அது. தினமும் பத்து மணிக்குப் போய் எதிர்ப் பக்கம் நின்று பார்த்துவிட்டு வருவேன்.

லின் வரும் நாளும் வந்தது. என் மகன் திருப்பூரிலிருந்து நாலு தடவை போன் செய்துவிட்டான். பைபாஸில் கார் வந்து நின்றது. பலகைக்கு முன்னால் கோதண்டம் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றார்.

"வண்டி போகக் கூடாதுங்க. டிராகன் பாதை."

லின் எழுபது வயதிருக்கும் ஒல்லி மனிதர். மொழிபெயர்த்துச் சொல்லச் சென்னையிலிருந்து ஒரு பெண் கூட வந்திருந்தாள். அவர் ஏதோ கேட்டார். "கன்டெய்னர் லாரி வந்து போக ரோடு இருக்கான்னு கேக்குறாங்க" என்றாள் அவள்.

"முதல் தரமான ரோடு இருக்கு" என்றார் தலைவர் பெருமையாக. "ஆனா டிராகனுக்கு ஒதுக்கிட்டோம்."

"எந்த டிராகன்னு கேக்குறாங்க."

"உங்க ஊர் டிராகன்தாங்க. இங்க வந்து சௌக்கியமா இருக்கு."

அவரைச் சுடுகாட்டு வழியாகக் கட்டடத்துக்கு அழைத்துப் போனார்கள். மேலே கண்ணாடி போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து அந்த மாவுத் தடத்தைப் பாதுகாத்திருந்தார்கள். லின் குனிந்து பார்த்தார். ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"ஆடுன்னு சொல்றாங்க" என்றாள் அந்தப் பெண்.

தலைவர் சிரித்தார். "அவர் வெளிநாட்டுக்காரர். நம்ம ஊர் ஆட்டைப் பத்தி அவருக்கு என்ன தெரியும்? சரி, உள்ளே போய்ப் பேசுவோம். மேப்பு எல்லாம் உள்ளேதான் இருக்கு. நான் போறதைப் பார்த்துக்கிட்டே அப்படியே பின்னால வரச் சொல்லும்மா."

சொல்லிவிட்டு மண்டியிட்டு நுழைந்தார். காலையில் லின் வருகிறார் என்று இரண்டு தட்டு இட்லி அதிகமாகச் சாப்பிட்டிருந்தார். பாதியில் மாட்டிக்கொண்டார். பின்பாதி வெளியே இருந்தது. "வாங்க, வாங்க, வெக்கப்படாதீங்க!" என்று முன்பாதி உள்ளேயிருந்து கூப்பிட்டது.

லின் கொஞ்ச நேரம் அந்தப் பின்பாதியைப் பார்த்தார். பிறகு அதற்கு மரியாதையாகத் தலை குனிந்து வணங்கிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

தொழிற்சாலை ஓலைப்பாடியில் வந்தது. அந்த ஊரில் கொடுத்ததெல்லாம் ஒரு தார் ரோடும் தண்ணீர்க் குழாயும்தான். என் மகன் அங்கேயே வேலைக்குச் சேர்ந்து அங்கேயே வீடும் பார்த்துக்கொண்டான். மாதத்துக்கு ஒருமுறை வருவான். சுடுகாட்டைச் சுற்றிக்கொண்டு வருவதால் வந்ததும் குளித்துவிட்டுத்தான் உள்ளே நுழைவான்.

நகர்மன்றம் துக்கமாகக் கூடியது. மாஸ்டருக்குப் போன் போட்டார்கள். அவர் வேறு ஏதோ ஊரில், வேறு ஏதோ மொட்டை மாடியில் இருந்தார். எரிச்சலாகப் பேசினார். "உங்க ஊர் நல்ல காத்தெல்லாம் ஓலைப்பாடிக்குப் போயிடுச்சு. திரும்ப இழுங்க. வந்ததை மறுபடி வெளியே விட்டுடாதீங்க." போனை வைத்துவிட்டார்.

இந்தத் தடவை அளவில் சந்தேகமே வரவில்லை. மூடிப்போன ரைஸ் மில் ஒன்றிலிருந்து ராட்சசக் காற்றாடி ஒன்றைக் கழற்றி வந்து, ஓலைப்பாடியைப் பார்த்த பக்கத்து ஓட்டையை அதன் அளவுக்கு இடித்துப் பொருத்தினார்கள். வெளிக்காற்றை உள்ளே இழுக்கும்படி மாட்டினார்கள். வந்தது வெளியே போகாதபடி முன்பக்க ஆட்டு வழியைப் பலகையால் அடைத்தார்கள். நாலு பேரும் குமாஸ்தாக்களின் ஏணியில் ஏறி, ஜன்னல் வழியாக உள்ளே இறங்கி, எல்லாக் கதவையும் சாத்திக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே, அதே ஏணியில் நான். என்ஜினியர் சுவிட்சைப் போட்டார்.

எங்களுக்கும் ஓலைப்பாடிக்கும் நடுவில், ஏரிக்கரையில் இருப்பது எங்கள் ஊர்க் குப்பைக் கிடங்கு.

காற்று வந்தது. கனகவல்லி முந்தானையால் மூக்கைப் பொத்தினார். "அண்ணே, செல்வம் இப்படியா வாசனை அடிக்கும்?"

"செருப்புக் கம்பெனி செல்வம் வேற எப்படிம்மா அடிக்கும்?" என்றார் தலைவர். கண்ணில் தண்ணீர் வழிந்தது. "கையை எடு. நல்லா இழு. எல்லாரும் இழுங்க. இழுத்ததை யாரும் வெளியே விடக் கூடாது. மாஸ்டர் உத்தரவு."

நாலு பேரும் நெஞ்சு நிறைய இழுத்தார்கள். வாயை இறுக மூடிக்கொண்டார்கள். சுவர்க் கடிகாரத்தில் முள் நகர்ந்தது. தலைவரின் முகம் சிவந்தது, என்ஜினியரின் முகம் நீலமானது. கோதண்டம் நாற்காலியோடு சாய்ந்தார். கீழே விழுந்த வேகத்தில் அவர் வாய் திறந்து, உள்ளே இருந்ததெல்லாம் "புஸ்ஸ்" என்று வெளியே வந்தது.

தலைவர் மேசையைத் தாண்டிக் குதித்தார். கோதண்டத்தின் முகத்தருகே மூக்கை வைத்து, ஒரு சொட்டு விடாமல் அத்தனையையும் தான் இழுத்துக்கொண்டார். கன்னம் இரண்டும் உப்பி, கண் பிதுங்கி, பேச முடியாமல் நெஞ்சைத் தட்டித் தட்டிக் காட்டினார், ஊர்ச் சொத்து பத்திரமாக இருக்கிறது என்று.

கனகவல்லியும் என்ஜினியரும் அவர் கால்கள் ஆடுவதைக் கவனித்தார்கள். சத்தமில்லாமல் எழுந்து போய், அவர் மூக்குக்குப் பக்கத்தில் ஆளுக்கொரு பக்கமாகக் குனிந்து, தயாராக நின்றார்கள்.