சத்தம் போடாத கைத்தடி

"இன்னும் இதுல என்னதான் குறை, டீச்சர்?"

மாசானமுத்து தான் செய்த கைத்தடியை மாடி வராந்தாவில் இருந்த மேசைமேல் வைத்தார். வைத்த விதத்திலேயே கோபம் தெரிந்தது.

அவர் ஐம்பது தாண்டிய ரேடியோ மெக்கானிக். குளோரி டீச்சருக்கு வயது முப்பதுதான். பிறவியிலேயே பார்வை கிடையாது. பார்வை போய் அந்தப் பார்வையற்றோர் விடுதிக்கு வருகிறவர்களுக்குத் தெருவில் நடக்கச் சொல்லிக்கொடுப்பவர். பதினொரு தடவை தடியைத் திருப்பி அனுப்பியிருந்தார்.

தடியில் ஒரு சின்ன சென்சார். காதுக்கு எட்டாத ஒலியை முன்னால் அனுப்பும். அது எதிலாவது பட்டுத் திரும்புகிற நேரத்தை வைத்து மைக்ரோகன்ட்ரோலர் என்ற குட்டிக் கணினி தூரத்தைக் கணக்குப் போடும். ஒரு மீட்டருக்குள் ஏதாவது இருந்தால் பஸ்ஸர் கத்தும். மொத்தமும் ஒரு ஜோடி செருப்பு வாங்கும் காசுக்குள்.

"நாளைக்கு இருபது பேரு இதப் பிடிச்சிக்கிட்டு ரோட்டுல இறங்கணும். நீங்க சரின்னாத்தான்."

"போன தடவை சும்மா சும்மா கத்துச்சே?"

"அத நிப்பாட்டிட்டேன். அனுப்பின ஒலி திரும்பி வரலேன்னா சென்சார் பூஜ்யம்னு காட்டும். மூக்குக்கு முன்னால ஏதோ நிக்குன்னு நெனச்சு இது கத்திரும். இப்ப, பூஜ்யம் வந்தா பேசாம இருன்னு புரோகிராம்ல எழுதிட்டேன்."

"திரும்பி வரலேன்னா?"

"முன்னால ஒண்ணும் இல்லேன்னு அர்த்தம்."

குளோரி டீச்சர் தடியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"கண்ணக் கட்டிக்கோங்க, அண்ணாச்சி."

"நானா?"

"முப்பது எண்ணிட்டு, வராந்தா கடைசி வரைக்கும் நடங்க."

"அங்க மாடிப்படில்லா இருக்கு!"

"படிக்கு முன்னால ஒரு ஆள் நிக்கும். தடி கத்தினதும் நின்னுக்கோங்க."

மாசானமுத்து சிரித்துக்கொண்டே துண்டால் கண்ணைக் கட்டினார்.

டீச்சர் செருப்பைக் கழற்றினார். கட்டைச் சுவரில் காய்ந்த பஞ்சு மெத்தையை எடுத்து உடம்பில் சுற்றிக்கொண்டார். படிக்கட்டின் உச்சியில் போய் நின்று கைப்பிடியைப் பற்றினார். முதுகுக்குப் பின்னால் பதினெட்டுப் படி.

கீழே முற்றத்தில் பேச்சியம்மாள் பெருக்கிக்கொண்டிருந்தாள். சர்ர். சர்ர்.

மாசானமுத்து நடந்தார். சுவர் வந்தது. தடி கத்தியது. விலகினார். தூண் வந்தது. கத்தியது. விலகினார். முகமெல்லாம் பெருமை.

அதன்பிறகு தடி கத்தவில்லை.

நடையில் வேகம் கூடியது. டீச்சருக்கு இன்னும் பத்தடி. ஆறடி.

கீழே பெருக்கும் சத்தம் நின்றது.

டீச்சர் கைப்பிடியை விட்டு, முற்றத்தின் பக்கம் திரும்பி, உதட்டில் விரல் வைத்தார். மறுபடி பற்றிக்கொண்டார்.

மூன்றடி.

தடி கத்தவில்லை.

மோதினார். டீச்சரின் கால் நழுவி ஒரு படி கீழே போய் ஊன்றியது. கைப்பிடி கிறீச்சிட்டது. பிடித்த கை விடவில்லை.

துண்டைப் பிடுங்கிப் பார்த்த மாசானமுத்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"தடி கத்தவே இல்லையே, டீச்சர்! இன்னும் ஆள் வரலேன்னுல்லா நெனச்சேன்!"

மெத்தையைத் தொட்டுப் பார்த்தார்.

"பஞ்சு... போன ஒலி மொத்தத்தையும் முழுங்கிருக்கு."

டீச்சர் மேலே ஏறி வந்தார்.

"பேச்சியக்கா, பயந்துட்டீங்களா?"

"அடப் பாவி மக்கா! எனக்கு உசுரே போயிட்டு!" என்று முற்றத்திலிருந்து குரல் வந்தது.

மாசானமுத்து கீழே எட்டிப் பார்த்தார். பிறகு டீச்சரைப் பார்த்தார்.

"அந்தம்மா நம்மளப் பாத்துக்கிட்டு நின்னது உங்களுக்கு எப்படித் தெரியும்? அங்கேருந்து ஒரு சத்தமும் வரலையே."

"ஆமா, அண்ணாச்சி," என்றார் குளோரி டீச்சர். "பெருக்குற சத்தம் நின்னுபோச்சு."