அணைக்கு ஒரு அணை

மலையடிவாரத்தில் ஒச்சப்பன், தவசி, வீரணன் என்று அண்ணன் தம்பி மூன்று பேர். மூவரும் கடும் உழைப்பாளிகள். யோசிக்கிற வேலையை மட்டும் மற்ற இருவரில் ஒருவர் செய்வார் என்று ஒவ்வொருவரும் நம்பியிருந்தார்கள். அப்பா விட்டுப்போன சொத்து, ஊற்று ஓடையின் குறுக்கே ஒரு மண் அணை, அதன் கீழே இரண்டு ஏக்கர் நெல் வயல். வருஷச் சாப்பாடு அந்த வயலில்தான்.

மழை ஏமாற்றிய ஒரு வருஷம், நாற்று நட்ட கையோடு இன்ஜினியர் ஒருவர் வந்து அணையைச் சுற்றிப் பார்த்தார். சொந்த அணையானாலும் பாதுகாப்பு முக்கியம் என்றார்.

"மண் அணைக்கு எமன் தண்ணிதான். கவனமா இருங்க" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

மூவரும் அணைத் தண்ணீரை எட்டிப் பார்த்தார்கள். இத்தனை காலமும் எமனை அணைக்குள்ளேயே கட்டிவைத்திருக்கிறோமே. உடனே மதகைத் திறந்து அணையைக் காலி செய்தார்கள். ஆனால் மேலேயிருந்து எமன் வந்துகொண்டே இருந்தான்.

"இதை வழியிலேயே நிறுத்தணும்ணே" என்றான் தவசி.

"தண்ணிய எதுடா நிறுத்தும்?"

"அணைதான்."

அண்ணன் பெருமையோடு தம்பியைத் தட்டிக்கொடுத்தான். ஓடையில் கொஞ்சம் மேலே போய், முதுகு ஒடிய இன்னொரு மண் அணை கட்டினார்கள். பழைய அணைக்கு ஒரு சொட்டு வரவில்லை. நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தபோது வீரணன் கேட்டான், "புது அணையும் மண்ணுதானே?"

யாருக்கும் சோறு இறங்கவில்லை. அதைக் காப்பாற்ற மூன்றாவது கட்டினார்கள், அதைக் காப்பாற்ற நான்காவது. ஐந்தாவது அணை மலையுச்சியில் ஊற்றின் வாயருகே எழுந்தது. ஓடையும் எவ்வளவுதான் பொறுக்கும்? மலையின் மறுபக்கம் இறங்கிவிட்டது. அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் சாமிக்குப் பொங்கல் வைத்தார்கள்.

இங்கே பயிர் மஞ்சளானது. ஒச்சப்பனின் மனைவி சிலம்பாயி வயல் வெடிப்பில் கையை விட்டாள். முழங்கை வரை போனது.

"பயிரு சாகுதுங்க. புள்ளைகளுக்கு என்னத்தப் பொங்கிப் போட?"

"அணை பத்திரமா இருக்குல்ல" என்றான் ஒச்சப்பன். சொல்லிக்கொண்டே வாடிய பயிரைத் தடவிக்கொடுத்தான். பாவம், நட்டவன் அவன்தானே.

அடுத்த மாதம் இன்ஜினியர் மறுபடி வந்தார். ஐந்து அணைகளையும் ஏறிப் பார்த்துவிட்டு வெகுநேரம் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். பிறகு பழைய அணையின் விரிசல்களைக் காட்டி, காய்ந்தாலும் மண் வெடிக்கும், இதற்கு ஈரம் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூவரும் மலையேறி, மறுபக்கத்து ஊரில் கெஞ்சிக் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். சிலம்பாயி ஓடிப்போய் வாய்க்காலை வெட்டிவிட்டு நின்றாள். அவர்களோ குடங்களை அணையின்மேல் கவிழ்த்தார்கள்.

"வயலுக்கு?" என்றாள்.

"ஈரம் இங்கதான் இருக்கு மதினி" என்றான் தவசி.

மூவரும் ஆழ்ந்து ஆலோசித்தார்கள். அன்றைக்கே பயிரைப் பிடுங்கி அணையின்மேல் நட்டார்கள். நாலு நாளில் அது பச்சை பிடித்தது. சிலம்பாயிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஆனால் நெல்லுக்குத் தண்ணீர் தேங்கி நிற்க வேண்டுமே. அதற்காக அணையின்மேல், நாலு பக்கமும் சுற்றி, ஆறாவது அணையைக் கட்டத் தொடங்கினார்கள்.