வாசலில் கழற்றி வைத்த ஆள்

முன்னொரு காலத்தில் என்றே வைத்துக்கொள்வோம். இந்தக் காலத்தில் என்று சொன்னால், யாராவது ஒரு பெரிய மனிதர் ‘என்னைத்தானே குத்திக்காட்டுகிறாய்?’ என்று சண்டைக்கு வந்துவிடுவார். எனக்கு வம்பு வேண்டாம்.

அந்த ராஜாவுக்குப் பராக்கிரம பூபதி என்று பெயர். பெயரில் இருந்த பராக்கிரமத்தை அவர் பெரும்பாலும் பலகாரத்திடம்தான் காட்டுவார். மற்றபடி நல்ல மனிதர். அவர் சபையில் விகடம் சொல்ல அம்பலவாணன் என்று ஒருவன் இருந்தான். நாட்டு நிர்வாகத்தைப் பார்க்க வைரவநாதர் என்று ஒரு பிரதானி இருந்தார்.

இந்த வைரவநாதரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சோம்பேறி அல்ல, திருடரும் அல்ல. பொழுது விடியுமுன் சபைக்கு வந்து, விளக்கு வைத்தபின் வீட்டுக்குப் போவார். அவருக்கு ஒரே ஒரு நோய். அம்பலவாணனைப் பார்த்தால் வயிறு எரியும். அவன் ஒரு வார்த்தை சொல்வான், ராஜா தொடையைத் தட்டிச் சிரிப்பார். பிரதானி பஞ்ச காலத்தில் நாட்டையே காப்பாற்றியிருக்கிறார். அன்றைக்கு ராஜா சொன்னது, “சரி, அடுத்தது என்ன?” என்பதுதான். இதை நினைத்தால் அவருக்குச் சோறு இறங்காது. உழைக்கிறவன் ஒருவன், செல்லப்பிள்ளை இன்னொருவன் என்றால் எவருக்குத்தான் இறங்கும்? பொறாமை கெட்ட குணம் என்று சொல்லுவது சுலபம். பக்கத்து இலையில் மட்டும் பாயசம் விழும்போது சொல்லிப் பார்க்க வேண்டும்.

ஒருநாள் அண்டை நாட்டுத் தூதர் வந்திருந்தார். ராஜா வாய் நிறைய வெற்றிலையோடு இருந்த நேரம் பார்த்து அம்பலவாணன் ஏதோ சொல்லிவிட்டான். ராஜாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. வெற்றிலைச் சாறு முழுவதும் தூதரின் வெள்ளைச் சால்வையில் போய் விழுந்தது. தூதர் சால்வையை மடித்து வைத்துக்கொண்டார். ராஜாவுக்குத்தான் மானம் போயிற்று.

பிரதானி சமயத்தை நழுவவிடவில்லை. “மகாராஜா! சபை என்பது வேலை செய்யும் இடம். இங்கே ஒருவர் விளையாட்டைக் கொண்டு வருகிறார். இன்னொருவர் கொள்கையைக் கொண்டு வருகிறார். வேறொருவர் வீறாப்பைக் கொண்டு வருகிறார். வாசலில் செருப்பைக் கழற்றுகிறோம் அல்லவா? அங்கேயே அவரவர் சொந்தக் குணத்தையும் கழற்றி வைத்துவிட வேண்டும். உள்ளே வேலை மட்டும் வரட்டும்.”

ராஜாவுக்கு அந்த நேரத்தில் அது நியாயமாகப் பட்டது. “அப்படியே ஆகட்டும். மீறுபவர் பதவி இழந்து, நாட்டின் எல்லையைத் தாண்டிப் போய்விட வேண்டும்” என்று ஆணையிட்டார்.

அந்தச் சபையின் வழக்கம் உங்களுக்குத் தெரிய வேண்டும். யாராக இருந்தாலும் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வெறுங்காலோடுதான் உள்ளே போக வேண்டும். ராஜா ஒருவர் மட்டும் பாதுகையோடு போகலாம்.

மறுநாள் அம்பலவாணன் வந்தான். செருப்பைக் கழற்றினான். பிறகு மேல்சட்டையைக் கழற்றுகிறவன் போலத் தோளிலிருந்து எதையோ உருவி, உதறி, மடித்து, செருப்பின் பக்கத்தில் வைத்தான். “காவலரே, யாரும் மிதித்துவிடாமல் பார்த்துக்கொள்ளும்” என்றான். காவலர் அந்த வெறுந்தரையை அன்று முழுக்கச் சுற்றிச் சுற்றி நடந்தார்.

உள்ளே போனவன் தூணோடு தூணாக நின்றான். ராஜா, “அம்பலவாணா, நலமா?” என்று கேட்டார்.

“அறியேன், அரசே” என்றான். அதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை.

சபை அமைதியானது. வேலையும் நடந்தது. ராஜா எது சொன்னாலும் எல்லோரும் “உத்தரவு, மகாராஜா” என்றார்கள். பிரதானிக்கு நெஞ்சு குளிர்ந்தது. ஆனால் எத்தனை நேரத்துக்கு? ராஜா வாயைத் திறந்து கொட்டாவி விடும்போதெல்லாம் அவர் கண் அம்பலவாணன் நின்ற தூணின் பக்கமே போயிற்று. பேசினாலும் அவனைப் பார்க்கிறார், பேசாவிட்டாலும் அவனைப் பார்க்கிறார்! எரிகிற வயிற்றில் எண்ணெயை ஊற்றியது போலாயிற்று. ‘இவன் இந்த ஊரிலேயே இருக்கக் கூடாது’ என்று பிரதானி முடிவு கட்டினார்.

அதற்கு வழியும் அவரே கண்டுபிடித்தார். அம்பலவாணன் விளையாட்டுப் பேச்சுக்காரன்தான். ஆனால் ஊர் வயிற்றில் அடிக்கிற காரியம் என்றால் அவனால் சும்மா இருக்க முடியாது. ஆகவே ஊர் வயிற்றில் அடிக்கிற காரியம் ஒன்றைச் சபைக்குக் கொண்டு வருவோம், அவன் வாயைத் திறப்பான், ஆணையை மீறிவிட்டான் என்று துரத்திவிடலாம் என்று கணக்குப் போட்டார்.

ராஜாவின் பிறந்தநாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒருநாள் சபையில் பிரதானி எழுந்தார். “மகாராஜா, தாங்கள் அன்னப்படகில் பவனி வர வேண்டும் என்பது மக்களின் ஆசை. அரண்மனைக் குளத்தில் தண்ணீர் குறைவு. பெரிய ஏரியின் மதகைத் திறந்துவிட்டால் குளம் நிரம்பிவிடும்.”

நெல் கதிர் விடுகிற சமயம் அது. ஏரி வற்றினால் பயிர் பதராகப் போகும் என்பது சபையில் எல்லோருக்கும் தெரியும். பிரதானியின் வயலும் அதே ஏரிப் பாசனம்தான். எதிரிக்குச் சகுனத்தடை ஆக வேண்டும் என்று தன் மூக்கை அறுத்துக்கொண்ட மகானுபாவர் என்று இவரைத்தான் சொல்ல வேண்டும்.

ராஜாவுக்கு அன்னப்படகு என்றதும் மற்றது ஒன்றும் தோன்றவில்லை. “என்ன சொல்கிறீர்கள்?” என்று சபையைக் கேட்டார்.

“உத்தரவு, மகாராஜா” என்றார் சேனாபதி. “உத்தரவு” என்றார் பொக்கிஷக்காரர். உத்தரவு வரிசையாக வந்தது.

“அம்பலவாணனையும் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே” என்றார் பிரதானி, தேன் ஒழுக.

அம்பலவாணனுக்குப் பொறி புரிந்தது. சரி என்று சொன்னால் ஊர் பட்டினி. தப்பு என்று சொன்னால் அவனும் அவன் மனைவியும் மூட்டை கட்டிக்கொண்டு போக வேண்டும். அவனுக்கு வேறு தொழில் தெரியாது. பயம் இருந்தது, நன்றாகவே இருந்தது. ஆனாலும் முன்னால் வந்து கைகட்டி நின்றான்.

“அரசே, பதில் சொல்லக் கூடியவன் வாசலில் இருக்கிறான்.”

“யார் அவன்?”

“நான்தான். ஆணைப்படி கழற்றி வைத்திருக்கிறேன். இங்கே நிற்பது என் வேட்டியும் துண்டும் மட்டுமே.”

“அப்படியானால் அவனை உள்ளே அழைத்து வா!”

“உள்ளே வந்தால் அவன் எல்லை தாண்ட வேண்டியிருக்கும், அரசே. தாங்கள் வாசல் வரை எழுந்தருளினால், அவன் அங்கேயே பதில் சொல்லுவான்.”

“செருப்பு கிடக்கும் இடத்துக்கு மகாராஜா போவதா?” என்று பிரதானி பதறினார். ஆனால் ராஜா அதற்குள் எழுந்துவிட்டார். பல நாளாகக் கொட்டாவி விட்டே களைத்துப் போயிருந்த மனிதர் அவர். சபை முழுவதும் பின்னாலேயே போயிற்று.

வாசலில் அம்பலவாணன் செருப்பை மாட்டினான். மடித்து வைத்ததை எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டான். நிமிர்ந்தான்.

“அரசே, மதகைத் திறப்பது தவறு. கதிர் காய்ந்து ஊர் பட்டினி கிடக்கும். தாங்கள் படகிலிருந்து கையசைப்பீர்கள். கரையிலிருந்து பதிலுக்குக் கையசைக்க ஆள் வேண்டாமா? சாப்பிடாதவனுக்குக் கை எழும்பாது.”

ராஜாவின் முகம் சிவந்தது. சபையைத் திரும்பிப் பார்த்தார். “சேனாபதி! நீர் உத்தரவு என்றீரே?”

சேனாபதி அவசரமாகத் தம் செருப்பைத் தேடி மாட்டினார். “அவன் சொல்வது உண்மை, மகாராஜா. வயல் காய்ந்தால் வீரர்களுக்குச் சோறு கிடையாது.” பொக்கிஷக்காரரும் முந்திக்கொண்டு வந்தார். அவசரத்தில் அவர் காலில் மாட்டியது, அன்று சபை பார்க்க வந்திருந்த சேனாபதியின் மாமனார் செருப்பு. அதோடேயே நின்று உண்மையைச் சொன்னார்.

“இதை உள்ளேயே ஏன் ஒருவரும் சொல்லவில்லை?” என்று ராஜா அதட்டினார்.

அம்பலவாணன் ராஜாவின் காலைக் காட்டினான். “இந்த வாசலைக் கழற்றாமல் தாண்டியது அந்த ஒரு ஜோடிதான், அரசே. ஆகவே உள்ளே இருந்தது தங்கள் மனம் ஒன்றுதான். எங்கள் மனமெல்லாம் இங்கே வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.”

ராஜா தம் பாதுகையைப் பார்த்தபடி நின்றார். பிறகு தலையை நிமிர்த்தி, “பிரதானியாரே! உமக்கும் அங்கே வயல் உண்டே. ஏன் இப்படிச் செய்தீர்?” என்றார். குரலில் இடி இருந்தது.

வைரவநாதர் தம் செருப்பில் காலை நுழைத்தார். நுழைத்ததும் என்ன ஆயிற்றோ, அத்தனை காலம் கட்டிக் காத்த சபைப் பேச்சு அவிழ்ந்து போயிற்று.

“ஏன்னு கேக்கறீங்களா? இவனைப் பார்த்தா எனக்கு வயிறு எரியுது, மகாராஜா! மாடா உழைச்சேன். ஒருநாள், ஒரே ஒருநாள், என்னைப் பார்த்து நீங்க சிரிச்சதுண்டா? நானும் ஒரு விகடம் கத்துக்கிட்டேன். கண்ணாடி முன்னாடி நின்னு நாள் கணக்கா சொல்லிப் பார்த்தேன். என் சம்சாரத்துக்கிட்ட சொன்னேன். ‘வயித்து வலியா, கஷாயம் வைக்கட்டுமா?’ங்கறா! தொழுவத்துல போய் மாட்டுக்கிட்ட சொன்னேன். அது என்னை ஒருதரம் பார்த்துட்டு, எழுந்து அந்தப் பக்கமாத் திரும்பிப் படுத்துக்கிச்சு!”

எல்லோரும் ராஜாவைப் பார்த்தார்கள். பிறகு ராஜா சிரித்தார். தொடையைத் தட்டினார், போதவில்லை, பக்கத்திலிருந்த காவலரின் தோளைத் தட்டினார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். வைரவநாதர் திகைத்துப்போய், கண்கலங்கி, கடைசியில் தாமும் சிரித்துவிட்டார்.

சிரிப்பு அடங்கியதும் ராஜா, “அம்பலவாணா, இவரை என்ன செய்யலாம்? நீயே சொல்” என்றார்.

“தண்டிக்காதீர்கள், அரசே. இத்தனை வருஷம் இவருடைய அங்கவஸ்திரம்தான் வந்து போய்க்கொண்டிருந்தது. இவர் வேலைக்கு வந்ததே இன்றைக்குத்தான்.”

மதகு திறக்கப்படவில்லை. ஆணை அந்த வாசலிலேயே ரத்தானது. ராஜா தம் பட்டுச் சால்வையை எடுத்து அம்பலவாணனுக்குப் போர்த்தினார். பிரதானியை அருகில் அழைத்து, “நாளை வந்து அந்த மாட்டுக் கதையை இன்னொரு முறை சொல்லும்” என்றார்.

சால்வையோடு வீட்டுக்கு வந்த அம்பலவாணனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. இலையில் விரலால் கோலம் போட்டுக்கொண்டிருந்தான். அவன் மனைவி வடிவு, நடந்ததை எல்லாம் கேட்டு முடித்தவள், “பட்டே கிடைச்சிருக்கு, இன்னும் என்ன குறை உங்களுக்கு?” என்றாள்.

“ஒண்ணுமில்ல வடிவு” என்றான் அவன். இலையை ஓரமாகத் தள்ளினான். பிறகு, “அந்த மாட்டுக் கதை... அவ்வளவு நல்லாவா இருக்கு?” என்று கேட்டான்.