முதுகுக்கு என்ன தண்டனை?

முன்னொரு காலத்தில் மகரகேது என்றொரு ராஜா இருந்தான். வழக்கு விசாரணை என்றாலே அவனுக்குக் கொட்டாவி வரும். பிடிபட்டவனெல்லாம் "தெரியாமல் நடந்துவிட்டது பிரபு" என்று அழுவான். அவன் மனசில் என்ன இருந்தது என்று தோண்டித் துருவியே பொழுது போய்விடும். ஒருநாள் ராஜா சலித்துப்போய், "இனி எவன் மனசையும் கேட்க வேண்டாம். தீங்கு செய்த கை எதுவோ, அதை வெட்டுங்கள்!" என்று பறையறைவித்துவிட்டான்.

சபையே நடுங்கியது. நியாய மந்திரி சூலபாணியாருக்கு மட்டும் நெஞ்சு குளிர்ந்தது. காரணம், அரசவை விகடன் கொன்றையப்பன். அவன் வாயைத் திறந்தால் ராஜா சிரிப்பான். சூலபாணியார் வாயைத் திறந்தால் ராஜா ஜன்னலைப் பார்ப்பான். ஒருமுறை சூலபாணியார் சொன்ன தீர்ப்பையே விகடன் வேறு வார்த்தையில் சொல்ல, ராஜா தன் தட்டிலிருந்த தாம்பூலத்தை எடுத்து அவனிடம் நீட்டினான். அன்றிலிருந்து சூலபாணியாருக்குச் சோறு இறங்கவில்லை.

விகடன் தினமும் காலையில் ராஜாவுக்குப் பன்னீர் தெளிக்கக் குளியலறைக்கு ஓட்டமும் நடையுமாகப் போவான். அது சூலபாணியாருக்குத் தெரியும். ஒருநாள் அவர், ராஜா உயிராய் வளர்த்த மான்குட்டிக்கு அறுகம்புல்லைக் காட்டி அழைத்துவந்து, குளியலறைக்குப் போகும் வழியிலிருந்த கதவுக்குப் பின்னால் கட்டிவிட்டு நழுவினார். சற்று நேரத்தில் கதவு படாரென்று திறந்தது. மான் அலறியது.

சபை கூடியது. மான்குட்டி நொண்டிக்கொண்டு நின்றது. ராஜாவின் கண் சிவந்திருந்தது.

"பிரபு, இவன் வலது கையால் கதவைத் தள்ளியதை என் இரு கண்ணாலும் கண்டேன்" என்றார் சூலபாணியார். சொல்லும்போதே நாக்கு தித்தித்தது.

கொன்றையப்பன் கைகூப்பினான். "மகாராஜா, இன்று காலை தங்கள் மேனியில் தெளித்த பன்னீர் குறைவாக இருந்ததா?"

"இல்லை. இரண்டு செம்பும் நிறைய இருந்தன. அதற்கென்ன?"

"வலது கையில் ஒரு செம்பு, இடது கையில் ஒரு செம்பு. வாயிற்காவலர்தான் எடுத்துக் கொடுத்தார். இரண்டு கையும் நிறைந்திருந்ததால் முதுகால் தள்ளினேன். தீங்கு செய்தது என் முதுகு. ஆணையோ கையை வெட்டச் சொல்கிறது. முதுகுக்கு என்ன தண்டனை என்று தாங்கள் இன்னும் சொல்லவில்லையே!"

வாயிற்காவலன் ஆமாம் என்று தலையசைத்தான். யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ராஜா சிரிக்கவில்லை. "அப்படியானால் மந்திரி கண்ட வலது கை எது?" என்றான்.

அந்த நேரம் பார்த்து மான்குட்டி நொண்டி நொண்டி சூலபாணியாரிடம் வந்தது. அவர் உள்ளங்கையை முகர்ந்தது, நக்கியது, புல் எங்கே என்று தேடியது. அவர் கையை இழுத்துக்கொண்டார். சபை முழுக்கப் பார்த்துவிட்டது.

"மானைக் கட்டியது நீர்தானா?" என்றான் ராஜா.

சூலபாணியார் காலில் விழுந்தார். "பொறாமை, பிரபு. வேறொன்றுமில்லை."

"வெட்டுங்கள் இவர் கையை!"

"பொறுங்கள் மகாராஜா" என்றான் கொன்றையப்பன். "மந்திரியார் கை என்ன செய்தது? புல் கொடுத்தது, கயிறு கட்டியது. இடித்தது நான். தீங்கு நினைத்த மனசு அவருடையதுதான். ஆனால் மனசைக் கேட்கக்கூடாது என்பது தங்கள் ஆணை. அதன்படி அவர் உத்தமர், நான் குற்றவாளி."

ராஜா திகைத்தான். பிறகு தொடையில் தட்டிக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தான். "அந்த ஆணை ஒழிந்தது! இனி செய்கையையும் விசாரிப்போம், மனசையும் விசாரிப்போம். இரண்டும் சேர்ந்தால்தான் குற்றம்."

"அது இன்றைய சட்டம் பிரபு. காலையில் நடந்ததற்கு அது செல்லாது. மந்திரியார் வீட்டுக்குப் போகட்டும்."

ராஜா மேலும் சிரித்து, தன் முத்துமாலையைக் கழற்றி விகடன் கழுத்தில் போட்டான்.

சூலபாணியார் வீடு திரும்பினார். மனைவி இலை போட்டுச் சோறு பரிமாறினாள். அவர் வலது கையைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அந்தக் கை இப்போது கொன்றையப்பன் கொடுத்தது. அந்தக் கையால் பிசைந்து சாப்பிட அவருக்கு மனம் வரவில்லை.