செம்போத்து வீட்டுக் கல்யாணமும் வாயில் நுழையாத பெயரும்

அந்தக் காலத்தில் பறவைகள் ஓயாமல் பேசின. நம்மைப்போலவே சம்பந்தமும் பேசின, சண்டையும் போட்டன. ஆற்றங்கரைப் புதரில் செவ்வந்தி என்றொரு செம்போத்துப் பெண் இருந்தாள். மலையடிவாரத்து மலையாண்டியைப் பார்த்த நாளிலிருந்து அவளுக்கு வெட்டுக்கிளிகூடத் தொண்டையில் இறங்கவில்லை. பெரியவர்கள் கல்யாணத்தை நிச்சயம் பண்ணினார்கள். உயிர்களுக்கெல்லாம் பெயர் சூட்டும் பெயர்த்தாயே வாழ்த்த வந்திருந்தாள்.

முகூர்த்த நேரத்தில் செவ்வந்தியின் அப்பா பெருமையாக ஆரம்பித்தார். "எங்க செம்போத்துக் குலத்துப் பெண்ணை..."

"நிறுத்துங்க சம்பந்தி!" மாப்பிள்ளையின் தாய்மாமன் கூவாண்டி எகிறிக் குதித்தார். "செம்போத்தா? நாங்க செண்பகமாச்சே! வேற குலத்துல பெண் எடுக்க மாட்டோம். கிளம்புடா மலையாண்டி!"

அடக் கொடுமையே! அதே கறுப்பு உடம்பு, அதே செம்பழுப்பு இறக்கை, அதே சிவந்த கண். எதிரே நிற்பவள் தன்னை உரித்து வைத்த மாதிரி இருப்பது கூவாண்டிக்குத் தெரியவில்லை, பெயர்தான் கண்ணை மறைத்தது.

மாமனுக்குப் பயந்து மலையாண்டி தலையைத் தொங்கப்போட்டான். செவ்வந்திக்குப் புரிந்துவிட்டது. இப்போது சும்மா இருந்தால் இவன் போயே விடுவான். வெட்கத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டு, விறுவிறுவென்று நடந்துபோய்க் கூவாண்டியின் காலுக்குப் பக்கத்தில் தன் காலை வைத்தாள்.

"கொஞ்சம் குனிஞ்சு பாருங்க மாமா. பின்விரல்ல முள்ளு மாதிரி நீட்டமா ஒரு நகம். உங்களுக்கும் இருக்கு, எனக்கும் இருக்கு. காக்காவுக்கு இருக்கா? குயிலுக்கு இருக்கா?"

கூவாண்டி குனிந்தார். ஒரு தரம் பார்த்தார், இன்னொரு தரமும் பார்த்தார். முகத்தில் அசடு வழிந்தது.

பெயர்த்தாய் விழுந்து விழுந்து சிரித்தாள். "முள்ளுக்கால் என்றே பெயர் வைத்துவிடுகிறேன்."

"எங்க ஊர்ப் பேச்சுலதானே?" இரண்டு பக்கமும் மறுபடி வரிந்து கட்டிக்கொண்டு வந்தன.

"எவர் வீட்டிலும் பேசாத பழைய மொழியில்! அப்போதுதான் யாரும் சொந்தம் கொண்டாட மாட்டீர்கள். குலத்துக்கு சென்ட்ரோபஸ், முள்ளுக்கால் என்றுதான் அர்த்தம். அதில் உங்கள் வகையைத் தனியாகச் சொல்லப் பின்னால் சினென்சிஸ்."

"சென்... சென்ட்..." கூவாண்டிக்கு அலகு சுளுக்கிக்கொண்டது. "வாயில நுழையலையே தாயே!"

"ஏட்டில் இருந்தால் போதும். வீட்டில் இஷ்டப்படி கூப்பிட்டுக்கொள்ளுங்கள்."

கெட்டிமேளம் கொட்டியது, மாலை மாற்றினார்கள். செவ்வந்திக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை.

பெயர்த்தாய் மற்றப் பறவைகளுக்கும் அப்படியே பெயர் வைத்தாள். அன்று முதல்தான், ஊருக்கு ஒரு பெயர் இருந்தாலும், ஒவ்வொரு பறவைக்கும் உலகத்துக்கெல்லாம் பொதுவாக வாயில் நுழையாத இரட்டைப் பெயர் ஒன்றும் இருக்கிறது. பெயரைக் கேட்டு அப்புறம் ஒரு பறவைக் கல்யாணமும் நின்றதில்லை.