காயமே படாத கம்பெனி

புளியில கொட்டை எடுத்துக்கிட்டே சொல்றேன், கேளுங்க. எங்க ஊர் பைப் கம்பெனி மேனேஜர் குலசேகரனுக்கு ஒரே பெருமை. "இங்கே ஒருத்தருக்கும் காயம் பட்டதே இல்லை" என்று வாசலில் போர்டு மாட்டியிருந்தார். யாருக்கு அடிபட்டாலும் கேட்டுக்கு வெளியே கொண்டுபோய்ப் போட்டுவிட்டுத்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவார்.

பைப் அறுக்கிற மெஷினில் இசக்கிராஜாவுக்கு ஒரு விரல் போனது. அவனையும் அப்படித்தான் வெளியே போட்டார்கள். ரோட்டில் அடிபட்டதாக எழுதிவிட்டால் அவனுக்கு நஷ்டஈடு கிடையாது.

ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போய், அன்றைக்கே கவர்மெண்ட் ஆபீசர் விசாரிக்க வந்துவிட்டார். மேனேஜர், கூட்டிப் பெருக்கும் தவமணியை ஓரமாக இழுத்து நிறுத்தினார். "ரோட்டுலதான் விழுந்தான்னு சொல்லு. இல்லைன்னா நாளைக்கு வேலைக்கு வராதே!"

தவமணி பணிவாக ஆபீசரிடம் சொன்னாள்: "ரோட்டுலதாங்கய்யா விழுந்தான். ரத்தத்தை மட்டும் மெஷினுக்கு அடியில விட்டுட்டுப் போயிட்டான், மறதிக்காரப் பய. பைப் தூளெல்லாம் செவந்து கிடக்கு. இப்பவே கூட்டிரட்டுமா, நீங்க பாத்தப்புறம் கூட்டட்டுமாய்யா?"

ஆபீசர் மெஷினுக்கு அடியில் குனிந்தார். கம்பெனிக்குள்ளே நடந்த விபத்து என்று எழுதிவிட்டுத்தான் கிளம்பினார். அப்போ மேனேஜர் மூஞ்சியைப் பார்க்கணுமே, அப்படியே வெளுத்துப் போய்... இந்தா வரேன் அத்தே, புள்ள முழிச்சிட்டாளா, தொட்டிலை கொஞ்சம்