வளை மட்டும்தான் என்னுடையது

அல்லிக் குளத்தங்கரையில் ஒரு பெருச்சாளி இருந்தது. அது நான்தான். எனக்குச் சட்டம் தெரியும் என்ற நினைப்பு வேறு.

அங்கே ஒரு மைனா தினமும் காலையில் குகைக்குள் தொடர்கதை சொல்லும். கேட்க வருகிறவர்கள் ஆளுக்கொரு கொய்யாப்பழம் வைக்க வேண்டும். மைனாவுக்கும் அதன் மூன்று குஞ்சுகளுக்கும் அதுதான் சாப்பாடு.

கீழே கிடக்கும் பழத்தைப் பொறுக்கக்கூட எனக்குச் சோம்பல். குகையின் பின்பக்கம்வரை ஒரு வளை தோண்டினேன். கதை கணீரென்று கேட்டது. பழம் வைக்காமலே கேட்க ஊரையே கூப்பிட்டேன்.

"அண்ணனுக்கு என்ன மூளை!" என்றது முயல். நான் மீசையை முறுக்கிக்கொண்டேன்.

மைனா ஆமை நீதிபதியிடம் முறையிட்டது.

"கதையை நான் தொட்டேனா, ஐயா?" என்று வாதாடினேன். "வளை மட்டும்தான் என்னுது. அதுவழியா என்ன வருதுன்னு எனக்கெப்படித் தெரியும்?"

"அது ஏன் சரியா என் குகையில வந்து முட்டுது?" என்றது மைனா.

"அங்கேதான் மண்ணு மெத்துன்னு இருந்துச்சு."

"பாறையிலயா?" என்று என் பக்கம் இருந்த கீரியே சிரித்துவிட்டது.

ஆமை நிதானமாகத் தலையை நீட்டியது. "தீர்ப்பு மழைக்காலத்துல," என்று சொல்லி, தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. அதுவரை வளையை யாரும் மூடக் கூடாது. வழக்கில் ஜெயித்துவிட்ட மாதிரி குதித்தேன்.

எல்லாரும் வளைக்கே வந்தார்கள். கடைசியில் ஒரு மான் மட்டும் பழத்தோடு குகைக்குப் போனது.

அப்போது கதையில் ஒரு யானைக்குட்டி புதைசேற்றில் சிக்கியிருந்தது. எனக்குத் தூக்கமே வரவில்லை. மறுநாள் ஓடிப்போய்க் காதை வைத்தேன். சத்தமே இல்லை. அதற்கு மறுநாளும் அப்படித்தான். வெட்கத்தை விட்டு, ஒரு பழத்தைக் கவ்விக்கொண்டு குகை வாசலுக்குப் போனேன். மைனா குஞ்சுகளுக்குப் புழு ஊட்டிக்கொண்டிருந்தது.

"குட்டி பிழைச்சுதா, அக்கா? அதை மட்டும் சொல்லிடுங்க."

"எனக்கே தெரியாது, தம்பி," என்றது மைனா. "விடிஞ்சதுலேருந்து இரை தேடவே சரியாயிருக்கு. இதுங்க பசியில கத்தும்போது கதை எங்கேருந்து வரும்?"

பழத்தைக் குஞ்சுகள் முன்னால் வைத்தேன். அழுகை வந்தது.

மழை வந்தது, தீர்ப்பும் வந்தது. வளையை மூட வேண்டுமாம். நான் ஒருவனே மண் தள்ளி மூடினேன். மைனா அந்தக் கதையைத் தொடரவேயில்லை; யானைக்குட்டி இன்னும் சேற்றில்தான் நிற்கிறது.

பாடுபட்டவருக்கு உரியதைக் கொடுக்காமல் குறுக்கு வழியில் ரசிப்பவன், வாதத்தில் எத்தனை கெட்டிக்காரனாக இருந்தாலும், தான் ரசித்ததையே கடைசியில் இழப்பான்.